38 பேரில் 4 பேர்தானா?

கேள்வி: எனக்கு 43 வயது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் பிரிவில் 19 வருடமாக இருக்கிறேன். சென்ற மாதம் பள்ளி நண்பர்கள் எல்லோரும் பல வருடம் கழித்துக் கூடினோம். 15 வயதில் எங்கள் வகுப்பாசிரியை ஆளுக்கொரு கார்டு கொடுத்து, 'பெரியவர்களானதும் என்ன வேலை பார்ப்பீர்கள்?' என்று எழுதி வாங்கியிருந்தார். 38 கார்டுகளையும் பத்திரமாக எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் படித்தார். எழுதியபடியே ஆனவர்கள் 4 பேர்! போலீஸ் என்று எழுதியவன் வங்கியில் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருக்கிறான். டீச்சர் என்று எழுதியவள் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பைலட் என்றவன் சரக்கு லாரிகளுக்கு வழித்தடம் போடுகிறான். 'தெரியாது' என்று எழுதியவன் மொபைல் ஆப் செய்கிறான். எங்களில் அவனுக்குத்தான் சம்பளம் அதிகம். எழுதியபடியே டாக்டர் ஆனவன் என்னைத் தனியே கூப்பிட்டு, 'உங்களையெல்லாம் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது' என்றான்.

என் கார்டில் இருந்தது 'கால்நடை மருத்துவர்'. வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. படிப்பில் நான் மோசமில்லை. நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தைக்கூடப் பூர்த்தி செய்தேன். ஏனோ அனுப்பாமலே வைத்துவிட்டேன். அது பழைய கதை, வீட்டில் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் மாடு, குதிரை, நாய் என்று எந்தக் கோப்பு வந்தாலும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது ஒரு வேடிக்கை. இப்போது பிரச்சினை வேறு. 16 வயது மகள் கடல் உயிரியல் படிக்கப்போகிறேன் என்கிறாள். 'இந்த வயதில் சொல்வது எதுவும் நடக்காதம்மா, 38க்கு 4தான்' என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் சொன்னது உண்மைதானே?

பதில்: உங்கள் கணக்கில் தப்பில்லை. அதை வைத்து மகளுக்குச் சொன்ன தீர்ப்பில்தான் தப்பு.

முதலில் அந்த 4 பேர். குறைவாக இருக்கிறதே என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். எனக்கோ 4 பேராவது தேறினார்களே என்று இருந்தது. 15 வயதில் ஒருவருக்குத் தெரிந்த வேலைகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் பார்க்கும் வேலை, பள்ளியில் தினமும் கண்ணில் படுகிற ஆசிரியர் வேலை, காய்ச்சல் வந்தால் போய்ப் பார்க்கிற டாக்டர், அப்புறம் திரையில் வருகிற போலீஸ், வக்கீல், பைலட், விளையாட்டு வீரர். பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உலகத்தில் ஆயிரக்கணக்கான வேலைகள் இருக்க, பிள்ளைகள் கையை நீட்டுவது இந்தச் சின்னக் கூடைக்குள்தான்.

இது உங்கள் வகுப்பின் கதை மட்டும் இல்லை. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு, 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் பிசா என்ற தேர்வை நடத்துகிறது. அதோடு சேர்த்து, 30 வயது வாக்கில் என்ன வேலையில் இருப்பாய் என்றும் கேட்கிறார்கள். உங்கள் ஆசிரியை கேட்ட அதே கேள்விதான். 2018 தேர்வில் 41 நாடுகளின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் 10 வேலைகளுக்குள்ளேயே ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். டாக்டர், ஆசிரியர், இன்ஜினியர், வக்கீல், மேலாளர் போன்ற பழைய பெயர்கள்தான். இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். 2000ஆம் ஆண்டில் இதே கேள்விக்கு வந்த பதில்கள் இதைவிடப் பரவலாக இருந்தன. அதாவது கைக்குள் இணையம் வந்து உலகமே விரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருந்த 18 வருடத்தில், பிள்ளைகளின் பட்டியல் சுருங்கியிருக்கிறது.

பட்டியல் சின்னது என்றால், நாற்காலிகள் அதைவிடக் குறைவு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதுப் பிள்ளைகளிடம் விருப்ப வேலையைக் கேட்டு, அதை அந்த நாட்டில் உண்மையில் இருக்கும் வேலைகளோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னவை ஆராய்ச்சி, மருத்துவம் மாதிரி ஆராய்ந்து அறிகிற வேலைகள், அல்லது கலை சார்ந்த வேலைகள். இந்த இரண்டு வகையும் சேர்ந்து அங்குள்ள மொத்த வேலைகளில் 8 சதவீதம்தான். அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துப் படித்தாலும் பெரும்பாலானவர்களுக்கு இடம் இருக்காது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை என்பது புரிந்துவிடும்.

போதாக்குறைக்கு வேலைகளே மாறிக்கொண்டிருக்கின்றன. 'தெரியாது' என்று எழுதிய உங்கள் நண்பரை எல்லோரும் கேலி செய்திருப்பீர்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்ததே 2008இல்தான். அவர் கார்டு எழுதிய நாளில் அவருடைய இன்றைய வேலைக்குப் பெயரே கிடையாது. 38 பேரில் சரியான பதில் எழுதியவர் அவர் ஒருவர்தான் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, இனி அந்த 38 கார்டுகளை வேறு மாதிரி எண்ணிப் பார்ப்போம். நீங்கள் வேலையின் பெயரைப் பெயரோடு பொருத்திப் பார்த்தீர்கள். நாங்கள் ஆலோசனை அறையில் அப்படிப் பார்ப்பதில்லை. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த ஒரு வகைப்பாடு இன்றும் எங்களுக்குப் பயன்படுகிறது. கையால் செய்வது, ஆராய்ந்து அறிவது, படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, ஆட்களைத் திரட்டிக் காரியம் நடத்துவது, ஒழுங்குபடுத்தி வைப்பது என்று ஆறு நாட்டங்கள். ஒரே நாட்டம் எத்தனையோ வேலைப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஆக நினைத்தவர் தினமும் திருடர்களைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார், சீருடைதான் இல்லை. டீச்சர் ஆக நினைத்தவர் பாடம்தான் நடத்துகிறார், மாணவர்களுக்கு வயது கொஞ்சம் கூட. பைலட் வானத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த வண்டி எந்த வழியாக எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கில்தான் அவருடைய நாள் கழிகிறது. இவர்கள் மூவரையும் நீங்கள் 'ஆகாதவர்கள்' பக்கம் போட்டிருக்கிறீர்கள். நான் போட மாட்டேன். எல்லோருக்கும் இப்படிப் பொருத்தம் கண்டுபிடித்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. நீட்டி நீட்டி இழுத்தால் எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம், அந்த ஆசை எங்கள் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் 4 என்ற எண் கொஞ்சமாவது ஏறும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 15 வயதில் நான் எழுதியிருந்தால் 'நீதிபதி' என்று எழுதியிருப்பேன். சட்டத்தின் மேல் காதல் ஒன்றும் இல்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்பார்கள் என்ற ஒரே காரணம். வீட்டில் நான்தான் கடைக்குட்டி, அங்கே அது நடக்கவில்லை. கடைசியில் என்ன ஆயிற்று? வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதே பிழைப்பாகிவிட்டது.

இனி நீங்கள் மகளிடம் சொன்னதற்கு வருகிறேன். 'இந்த வயதில் சொல்வது எதுவும் நடக்காது' என்பது கேட்க அனுபவசாலியின் பேச்சு மாதிரி இருக்கிறது. ஆனால் தவறு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டாயும் அவருடைய குழுவினரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டாம் வகுப்பில் படித்த பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்டு, அவர்கள் பட்டம் வாங்குகிற வரை விடாமல் தொடர்ந்து திரட்டிய தகவல் அது. எட்டாம் வகுப்பிலேயே அறிவியல் சார்ந்த வேலையைச் சொன்னவர்கள், மற்றவர்களைவிட உயிர் அறிவியலில் பட்டம் வாங்க 1.9 மடங்கு வாய்ப்பு அதிகம். இயற்பியல், பொறியியல் மாதிரித் துறைகளில் 3.4 மடங்கு.

மதிப்பெண் நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதையும் பார்த்தார்கள். கணக்கில் நடுத்தரமாக இருந்து அறிவியல் வேலையைச் சொன்ன பிள்ளைக்கு, இயற்பியல் அல்லது பொறியியல் பட்டம் பெறும் வாய்ப்பு 34 சதவீதம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் வேறு ஏதோ வேலையைச் சொன்னது என்றால் 19 சதவீதம். நடுத்தர மதிப்பெண்ணோடு ஆசையும் இருந்தது, வெறும் மதிப்பெண்ணை முந்தியிருக்கிறது. 13, 14 வயதுப் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு எடை இருக்கிறது என்றால், 16 வயதில் சொல்வதைத் தூக்கி எறிய முடியுமா?

எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தகவல் உண்டு. பதின்வயதின் நடுவில் எந்த இலக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தவர்கள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்ததை ஒரு நீண்டகால ஆய்வு காட்டியது. உங்கள் ஆப் நண்பர் விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறப்போகிற இலக்காக இருந்தாலும், ஓர் இலக்கு இருந்தால்தான் பிள்ளை ஒரு பாடத்தை உட்கார்ந்து படிக்கும், ஒருவரைத் தேடிப்போய்க் கேள்வி கேட்கும், ஒரு வாசலைத் தட்டும். அந்த வாசலில் வேறு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அங்கிருந்து வேறு வழி பிறக்கும். ஜான் குரும்போல்ட்ஸ் என்ற பேராசிரியர் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில் எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்று தெரியாமல் அவர் போய்க் கேட்டது தன் டென்னிஸ் பயிற்சியாளரை. அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்ததால், வேறென்ன சொல்வார்? உளவியல் என்றார். குரும்போல்ட்ஸ் அந்தத் துறையிலேயே பெரிய பெயர் ஆனார். தற்செயல்தான். ஆனால் டென்னிஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனவருக்குத்தான் அந்தத் தற்செயல் வாய்த்தது.

டாக்டர் நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் இளையவர்களின் அடையாளத் தேடலை நான்கு நிலைகளாகப் பிரித்தார். அதில் ஒன்று, எதையும் தேடிப் பார்க்காமலே முடிவுக்கு வந்துவிடுவது. 15 வயதில் ஒன்றைச் சொல்லி, வீடே கைதட்டி, அதற்கப்புறம் இன்னொன்றை நினைத்துப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போனவர்கள் இந்த நிலையில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் நண்பர் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கார்டில் எழுதியபடி ஆனவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள் என்று நீங்கள் எண்ணியது அந்த ஒரு வாக்கியத்திலேயே உடைந்துவிட்டது, இல்லையா?

இதுவரை எழுதியதெல்லாம் நீங்கள் கேட்ட கேள்விக்கு. கேட்காத கேள்வி ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கார்டு இல்லை, அந்த விண்ணப்பம்.

'பூர்த்தி செய்தேன், ஏனோ அனுப்பாமலே வைத்துவிட்டேன்.' இந்த வரியை நான் பல தடவை படித்தேன். அடுத்த வரியிலேயே அவசரமாக 'அது பழைய கதை' என்று மூடி வைத்திருக்கிறீர்கள். சின்ன வயதுக் கனவுகள் மூன்று விதமாகப் போகின்றன. சில, வளர வளர நமக்கே சின்னதாகிவிடும், பழைய சட்டை மாதிரி. நீதிபதி ஆசை எனக்கு அப்படிப் போனதுதான். ஒரு நாளும் அதை நினைத்து நான் ஏங்கியதில்லை. சிலவற்றை வெளியிலிருந்து யாரோ, எதுவோ தடுத்துவிடும்: மதிப்பெண் போதவில்லை, பணம் இல்லை, கண் பார்வை சரியில்லை. அது வலிக்கும், ஆனால் ஆறும். மூன்றாவது வகைதான் ஆறாதது. கதவு திறக்குமா திறக்காதா என்று தட்டியே பார்க்காமல் திரும்பி வந்தது. உங்களுடையது அந்த வகை.

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களில் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். செய்துவிட்ட தவறுதான் உடனடியாகச் சுடுகிறது. ஆனால் வருடங்கள் ஓட ஓட, செய்யாமல் விட்டதுதான் மனதில் தங்குகிறது என்று கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தேர்வு எழுதித் தோற்றிருந்தால் கதைக்கு ஒரு முடிவு இருந்திருக்கும். எழுதாத தேர்வில் நீங்கள் இன்றுவரை முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கற்பனைக் கால்நடை மருத்துவருக்கு நடுராத்திரி அழைப்பு வருவதில்லை, குணமாக்க முடியாத நாயைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதில்லை, சிகிச்சைக்கு ஆகும் செலவைச் சொல்லி உரிமையாளரின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியதில்லை. நிஜ வேலையில் இவை எல்லாம் உண்டு. ஏன் அனுப்பவில்லை என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அந்த 'ஏனோ'வுக்குப் பின்னால் பயம் இருந்ததா, யாரையாவது விட்டுப் பிரிய மனமில்லையா, உண்மையிலேயே ஆசை குறைந்திருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஒரு தாளில், அந்த ஏனோவுக்கு ஒரு முழு வாக்கியம் எழுதிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் தருவது இந்த ஒரு வேலைதான்.

இப்போது நீங்கள் வேடிக்கை என்று தள்ளியதற்கு வருகிறேன். மாடும் குதிரையும் நாயும் உங்கள் மேசைக்கே வந்து சேருகின்றன. 19 வருடம் ஒரே பிரிவில் இருப்பவர் மேசைக்குக் கோப்புகள் சும்மா வராது. யாரோ ஒருநாள் கவனித்திருக்கிறார்கள், இந்த மாதிரிக் கோப்பு என்றால் இவர் கூடுதலாக அரை மணி நேரம் செலவிடுகிறார் என்று. நிறைவேறாத ஆசையைச் சுமந்துகொண்டு வேறு வேலையில் இருப்பவர்களைப் பற்றி ஜஸ்டின் பெர்க், ஆடம் கிராண்ட், விக்டோரியா ஜான்சன் ஆகிய மூவரும் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் என்ன செய்து சமாளிக்கிறார்கள்? இருக்கிற வேலைக்குள்ளேயே ஆசைக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதிக்கு அதிக நேரம் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கமாக வேலையைக் கொஞ்சம் விரிக்கிறார்கள். செய்கிற வேலைக்கே வேறு அர்த்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். மிச்சத்தை ஓய்வு நேரத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள். முதலாவதை நீங்கள் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தெரிந்தே செய்தால் என்ன? கால்நடைக் காப்பீடு என்பது தனி நிபுணத்துவம் தேவைப்படும் பிரிவு. நோய், இனம், வயது, சந்தை மதிப்பு, இறப்புக்குக் காரணம் எல்லாம் புரிந்தவர்கள் அதில் குறைவு. அந்தக் கோப்புகளை அதிகாரபூர்வமாகவே எனக்குக் கொடுங்கள் என்று கேட்கலாம். அதற்கான பயிற்சிக்கு அனுப்பச் சொல்லலாம். வார இறுதியில் கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் இடங்களில் தொண்டு செய்ய ஆள் தேவைப்படாத நாளே இல்லை. முதல் மாதம் கூண்டு கழுவத்தான் விடுவார்கள். அந்த மாதத்துக்கு அப்புறமும் போக ஆசை இருந்தால், உங்கள் கார்டில் எழுதியிருந்தது வெறும் பெயரில்லை என்று அர்த்தம்.

வேலையை விட்டுவிட்டு இப்போது போய்க் கால்நடை மருத்துவம் படிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான நாடுகளில் அது ஐந்து வருடத்துக்குக் குறையாத முழுநேரப் படிப்பு, வீட்டில் கல்லூரி வாசலில் நிற்கும் ஒரு பெண் வேறு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அடைய முடியாத இலக்கிலிருந்து மனதை விடுவித்துக்கொண்டு இன்னொன்றைப் பற்றிக்கொள்ள முடிகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் சொல்கின்றன. இதில் பாதியை மட்டும் செய்தால் போதாது. பழையதை விடுவதோடு நின்றுவிட்டால் கை காலியாக இருக்கும். பற்றிக்கொள்ளப் புதிதாக ஒன்று வேண்டும்.

மகளிடம் திரும்பலாம். அவளுக்கு நீங்கள் வாக்குறுதியும் தர வேண்டாம், எச்சரிக்கையும் தர வேண்டாம். கேள்வி கேளுங்கள். 'கடல் உயிரியலில் உனக்கு எது பிடித்திருக்கிறது?' என்று கேட்டால் வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். முத்துக்குளிக்கிற மாதிரி நீருக்குள் இறங்குவது என்றால் அது ஒரு வழி. உயிரினங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வேறு வழி, அதற்குச் சட்டம் படித்தாலும் பொருந்தும். மற்ற யாரும் படிக்காததைப் படிக்க வேண்டும் என்றால் அது இன்னொன்று. எல்லாமே 'கடல் உயிரியல்' என்ற ஒரே பெயரில்தான் வரும். நீங்கள் கார்டில் பார்த்தது போலப் பெயர் எதையும் சொல்லாது.

அடுத்தது, அந்த வேலையின் சலிப்பான ஒரு நாளை அவள் பார்க்க வேண்டும். அழகான நாளைத்தான் எல்லோரும் காணொளி எடுத்துப் போடுகிறார்கள். கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர்கள் வருடத்தின் பெரும்பகுதியைக் கழிப்பது ஆய்வகத்திலும் கணினி முன்னாலும்: மாதிரிகளை எண்ணுவது, புள்ளியியல் கணக்குப் போடுவது, நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது. அந்தத் துறையில் ஆரம்ப நிலையில் இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேச வைத்து, 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?' என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பெரிய பேராசிரியர் வேண்டாம், அவருக்குச் சலிப்பு மறந்துபோயிருக்கும். அதைக் கேட்ட பிறகும் கண் மின்னினால் கணக்கும் வேதியியலும் அவளுக்கு அவசியம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, அவளே எடுத்து வைத்துப் படிப்பாள். மின்னாவிட்டாலும் நஷ்டம் இல்லை. அந்த இரண்டு பாடமும் திறந்துவிடுகிற வேறு கதவுகள் நிறைய.

இன்னொன்றும் கவனியுங்கள். லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் எழுதிய ஒரு கோட்பாட்டின்படி, பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதைவிட வேலைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டேதான் வருகிறார்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் இது ஆம்பிளை வேலை, இது பொம்பளை வேலை என்று ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. அப்புறம் 13 வயதுக்குள், இது நம் மாதிரிக் குடும்பத்துக்குத் தாழ்ந்தது, அது எட்டாதது என்று இன்னொரு பகுதி. தனக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்று ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்குவது 14 வயதுக்கு மேல்தான், அதற்குள் கூடையில் பாதி காலி. கழித்தது யார் என்று அதற்கு ஞாபகமும் இருக்காது. பெரும்பாலும் வீட்டில் போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியமாக இருக்கும். '38க்கு 4' அப்படிப்பட்ட ஒரு வாக்கியம். அதனால்தான் மூன்று நாள் மௌனம்.

சமாதானம் பேசப் போகும்போது புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அனுப்பாத அந்த விண்ணப்பத்தின் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவளுக்குத் தெரியட்டும். 'நான் இப்படிச் செய்தேன், அந்தக் கோபத்தில்தான் உன்னிடம் அப்படிப் பேசிவிட்டேன்' என்ற அளவில் நிறுத்துங்கள். 'அதனால் நீயாவது' என்று தொடங்கும் வாக்கியம் வாய்வரை வரும். அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். உங்கள் விண்ணப்பத்தை அவள் தலையில் கட்டிவிடக் கூடாது.